ஒரே கடிகாரம், இரண்டு பொழுது

கேள்வி: என் மூத்த மகன் அருணாசலப் பிரதேசத்தில், வாலாங் என்ற ஊரில் சாலை போடும் பணியில் இருக்கிறான். இளையவன் குஜராத்தின் கட்ச் பகுதியில், நாராயண் சரோவர் அருகே காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறான். சென்ற மார்கழியில் ஒருநாள் மாலை ஐந்தரை மணிக்கு இருவரையும் அடுத்தடுத்து அழைத்தேன். “இருட்டி ஒரு மணி நேரமாகிறது, சாப்பிடப் போகிறேன்” என்றான் மூத்தவன். இளையவனோ வெயிலில் கண் கூசுவதாகச் சொன்னான். இருவர் கடிகாரமும் ஐந்தரைதான் காட்டுகிறது. இது எப்படி?
– ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: அம்மா, உங்கள் பிள்ளைகள் இருவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. வாலாங் ஏறக்குறைய 97 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும், நாராயண் சரோவர் ஏறக்குறைய 68½ பாகையிலும் இருக்கின்றன. இடையிலுள்ள 28½ பாகையை நான்கால் பெருக்கினால் 114 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். நம் நாட்டுக் கடிகாரமோ உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் அருகே செல்லும் 82½ பாகைக் கோட்டை வைத்து ஓடுகிறது. அந்தக் கோட்டிலிருந்து மூத்தவர் ஊர் கிழக்கே எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் மேற்கே தள்ளியிருக்கிறது இளையவர் ஊர். எனவே ஒருவருக்குச் சூரியன் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முந்துகிறது. மற்றவருக்கு அதே அளவு பிந்துகிறது.

மார்கழித் தொடக்கத்தில், மலை மறைப்பதைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும், வாலாங்கில் சூரியன் 6 மணிக்குச் சற்று முன் உதித்து மாலை 4.10 வாக்கில் மறைந்துவிடுகிறது. நாராயண் சரோவரிலோ காலை 7.30 தாண்டித்தான் விடிகிறது, மாலை 6.15 வரை வெளிச்சம் இருக்கிறது. ஜூன் மாதத்தில் வாலாங்கில் சூரியன் உதிப்பது காலை 4 மணியளவில் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். லோஹித் ஆற்றங்கரையில் பிழைப்பவர்கள் அந்த வெளிச்சத்தை வீணாக்குவதில்லை. வயலுக்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்கும் போய்ப் பாதி வேலையை முடித்துவிடுகிறார்கள். அரசு அலுவலகம் திறப்பது மட்டும் டெல்லிக் கணக்கில்தான். ஊர் விழித்து ஆறு மணி நேரம் கழித்துக் கதவு திறக்கிறது. மனு எழுதிக்கொண்டு மலையிறங்கி வருபவர் திரும்பி ஏறும்போது, குளிர்காலமாக இருந்தால், பாதி வழியிலேயே இருட்டிவிடுகிறது. இதைத்தான் 2017-இல் அம்மாநில முதலமைச்சர் பெமா காண்டு எடுத்துச் சொல்லி, வடகிழக்குக்குத் தனி நேரம் வேண்டும் என்று கேட்டார். அதே ஆண்டு இது தொடர்பான பொதுநல மனுவை குவஹாத்தி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.

கட்சின் குறை வேறு வகையானது. குளிர்காலத்தில் ஏழு மணிக்குப் பள்ளி என்றால் குழந்தைகள் இருட்டில் எழுந்து கிளம்ப வேண்டும். கோடையில் ஏழே முக்கால் மணிக்குத்தான் சூரியன் மறைவதால், படுக்கைக்குப் போகும் நேரம் தள்ளிப்போகிறது. எழும் நேரம் தள்ளிப்போவதில்லை. தூக்கம்தான் குறைகிறது. ஆயினும் கிழக்கின் இழப்பே பெரிது என்பது என் கருத்து, ஏனென்றால் அங்கே வீணாவது வேலை செய்வதற்கான வெளிச்சம்.

வழி புதிதாகத் தேட வேண்டியதும் இல்லை. அசாமின் தேயிலைத் தோட்டங்கள் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே ஒரு மணி நேரம் முன்னதாக வைத்த கடிகாரத்தில் இயங்கி வருகின்றன. ‘பாகான் டைம்’, அதாவது தோட்ட நேரம், என்பது அதன் பெயர். ஊர்க் கடிகாரம் 7 காட்டும்போது தோட்ட அலுவலகச் சுவரில் 8 ஆகியிருக்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் பிற்பகல் வெளிச்சம் மங்குமுன் கூடையை எடை போட்டுவிட்டு வீடு சேர முடிகிறது. டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தினர் 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், அசாம்–மேற்கு வங்க எல்லையை ஒட்டி நாட்டை இரண்டு நேர மண்டலங்களாகப் பிரிக்கலாம் என்று முன்மொழிந்தார்கள். நேரம் மாறும் எல்லையில் குழப்பம் வந்து ரயில் விபத்து நேரும் என்ற அச்சத்தையும் அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: அந்த எல்லை குறுகலானது, கடக்கும் ரயில் பாதைகளும் மிகச் சில.

ஒரே நாட்டில் இரண்டு நேரமா என்று தயங்குவோர்க்கு ஒன்று சொல்லலாம். 1906 ஜனவரி 1-இல் இந்தப் பொது நேரம் வருவதற்கு முன் நம் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். அது கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தத்தம் நேரத்தைக் கைவிடவில்லை. உங்கள் வள்ளியூரிலும் சூரியன் உச்சிக்கு வருவது, ஆண்டுச் சராசரியில், கடிகாரம் 12 அடித்து 20 நிமிடம் கழிந்த பிறகுதான்.

குளிர்காலம் முடியும்வரை மூத்தவரை மாலை ஐந்து மணிக்கு முன்பே அழைத்துவிடுங்கள் அம்மா. வேலை முடித்துக் குடிலுக்குத் திரும்பியிருப்பார், உறக்கமும் வந்திருக்காது. இளையவரிடம் இரவு எட்டு மணிக்கு மேல் சாவகாசமாகப் பேசலாம்.