உங்கள் மகள் பள்ளிக்குப் பெயர் தந்த நீதிபதி

வணக்கம் தங்கச்சி. மதுரையில் எட்டு வருடம் வக்கீலாக இருந்துவிட்டு, கணவரின் வேலைக்காக மினியாபோலிஸ் வந்து நாலு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் படிக்கும் பள்ளிக்கு ஏன் ‘ஜஸ்டிஸ் பேஜ்’ என்று பெயர், இங்கே நீதிபதிகளுக்கு ஜனங்கள் ஓட்டுப் போடுவது நிஜமா, 36 வயதில் மறுபடி வக்கீல் ஆக முடியுமா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் அந்த ஒரே மனிதரை வைத்துப் பதில் சொல்லலாம்.

ஆலன் பேஜ் 1945-இல் ஒஹையோ மாநிலம் கேன்டனில் பிறந்தவர், கறுப்பினத்தவர். எஃகு ஆலைகள் நிறைந்த ஊர். சின்ன வயதிலேயே வக்கீல் ஆசை வந்துவிட்டது, ஆனால் முதலில் வந்த வாழ்க்கை அமெரிக்கன் ஃபுட்பால். 1967-இல் நம் மாநிலமான மினசோட்டாவின் வைகிங்ஸ் அணியில் சேர்ந்து, 1971-இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று விருது வாங்கினார். தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை.

இனி உங்களுக்கான விஷயம். முன்பே ஒரு தடவை சட்டக் கல்லூரியில் சேர்ந்து, சில வாரங்களிலேயே விட்டுவிட்டவர் அவர். 1975-இல், 30 வயதில், புகழின் உச்சியில் இருக்கும்போது மறுபடி போய் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முதல் வருட மாணவராக உட்கார்ந்தார். ஆட்டத்தையும் விடாமல் 1978-இல் பட்டம் வாங்கிவிட்டார். அப்புறம் தனியார் நிறுவனத்தில் வக்கீல், பிறகு மாநில அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலின் அலுவலகம்.

இங்கே மாநில உச்ச நீதிமன்றத்தில் ஏழே பேர்தான், பதவிக்காலம் ஆறு வருடம், ஆமாம், ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஓட்டுச்சீட்டில் அவர்களுக்குக் கட்சி கிடையாது. நடைமுறையில் பெரும்பாலும் யாராவது பாதியில் ஓய்வு பெறுவார், கவர்னர் (நம் ஊர் முதல்வர் மாதிரி, மாநில அரசின் தலைவர்) ஒருவரை நியமிப்பார், அடுத்த தேர்தலில் அவர் பெயரோடு ‘இப்போது பதவியில் இருப்பவர்’ என்று அச்சாகும், அவரே ஜெயிப்பார். 1992-இல் பேஜ் போட்டியிட வந்தபோது, அந்த இடத்தில் இருந்த நீதிபதியின் பதவிக்காலத்தைக் கவர்னர் நீட்டித்திருந்தார், அதனால் தேர்தலே இல்லை என்றார்கள். பேஜ் வழக்குப் போட்டார். சக நீதிபதியின் நாற்காலி பற்றிய வழக்கு என்பதால் உச்ச நீதிமன்றத்தார் விலகிக்கொள்ள, அவர்களுக்குப் பதிலாக உட்கார்ந்தவர்கள் தேர்தல் நடத்தச் சொன்னார்கள். நின்றார், ஜெயித்தார், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனார். அதை எப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நீதிபதி ஆவதற்கே நீதிமன்றத்துக்குப் போய் வழி கேட்டு வாங்கிய மனிதர். மூன்று முறை மறுபடி தேர்வாகி, 2015-இல் 70 வயது ஆனதும் சட்டப்படி இறங்கினார்.

பள்ளிக்கு முதலில் இருந்தது ஒரு பழைய கவர்னரின் பெயர், அலெக்சாண்டர் ராம்சே. டகோட்டா பழங்குடியினரை அழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று 1862-இல் சொன்னவர். பிள்ளைகள் அதை ஏற்காமல் பெயர் மாற்றம் கேட்டார்கள், 2017-இல் பேஜ் பெயர் வந்தது. மகளிடம் இதைச் சொல்லுங்கள், அவளுக்குப் பெருமையாக இருக்கும்.

சரி, உங்கள் படிப்புக்கு வருகிறேன். இந்தியப் பட்டத்தை மட்டும் காட்டி இங்கே வாதாட முடியாது. கணவரின் வேலை விசாவோடு மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் வேலைக்குத்தான் தனி அனுமதி வேண்டும், படிக்கத் தடையில்லை, சட்டப் படிப்பு முழு நேரமாக மூன்று வருடம். செலவு அதிகம், அதை மறைக்க மாட்டேன், ஆனால் வயதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். இன்னொன்று, வழக்கைக் கேட்டு முடிவு சொல்லச் சாதாரண ஜனங்களை அழைக்கும் ஜூரி கடிதம் வந்தால் குப்பையில் போட்டுவிடாமல், குடியுரிமை இல்லை என்று குறித்து அனுப்பிவிடுங்கள். ஓட்டுரிமைப் படிவம் எங்கே நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள், பின்னால் விசாவுக்கே வினையாகிவிடும்.

மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில் உச்ச நீதிமன்ற விசாரணையை யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து பார்க்கலாம். வக்கீல்கள் கவுன் போடுவதில்லை, நீதிபதிகளுக்கு மட்டும்தான். ஒரு நாள் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.