புது டி.ஏ.க்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பது? – கேள்வி பதில்

(அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்., பிஎச்.டி. படித்துக்கொண்டே இளநிலை மாணவர்களுக்கு லேப், டிஸ்கஷன் வகுப்பு எடுக்கும் டீச்சிங் அசிஸ்டன்ட், அதாவது டி.ஏ.க்களுக்கான பயிற்சி)

கேள்வி: எங்கள் இயற்பியல் துறையில் புதிதாக 18 டி.ஏ.க்கள். செமஸ்டருக்கு முன்னால் ஒரே நாள்தான் கிடைக்கிறது. எதை வைப்பது, எதை விடுவது?

பதில்: விதிமுறை, படிவம் எல்லாவற்றையும் முன்பே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அதைப் படித்துக் காட்டினால் பாதி நாள் போய்விடும். காலையில் மைக்ரோடீச்சிங், அதாவது சக டி.ஏ.க்கள் முன் சில நிமிடம் பாடம் எடுத்துக் கருத்துக் கேட்பது. ஆறு ஆறு பேராக மூன்று குழு, குழுவுக்கு ஒரு சீனியர் டி.ஏ. ஒருவருக்குப் பாடம் 6 நிமிடம், கருத்து 6 நிமிடம், ஆள் மாற 3 நிமிடம். 90 நிமிடத்தில் முடியும். முதல் வாரம் எடுக்கப்போகும் பாடத்தையே எடுக்கச் சொல்லுங்கள். பிடித்த தலைப்பு என்று விட்டால் ஆராய்ச்சிக்குள் போய்விடுவார்கள். "நன்றாக இருந்தது" என்ற கருத்தால் பயனில்லை. "கேள்வி கேட்டு இரண்டு நொடியில் நீங்களே பதிலும் சொல்லிவிட்டீர்கள்" என்றால் அடுத்த முறை காத்திருப்பார்.

கேள்வி: மதியம்?

பதில்: விடைத்தாள் திருத்துவது. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சென்ற ஆண்டுத் தாள்கள் ஐந்தைப் பெயர் மறைத்து நகலெடுத்து, எல்லோரும் தனித்தனியே திருத்தட்டும். சாய்தளக் கணக்கில் படம் சரி, சமன்பாடு சரி, உராய்வு விசையின் குறி மட்டும் மாறி விடை தப்பு என்று வையுங்கள். பத்துக்கு ஒருவர் 8 போடுவார், இன்னொருவர் 4. இருவரும் காரணம் சொல்லட்டும். குறி மாறினால் எத்தனை மார்க் குறைப்பது என்று அங்கேயே எழுதி முடிவு செய்யுங்கள். நிஜத் தேர்வில் தாள்களை செக்‌ஷன் வாரியாகப் பங்கிடாமல் கேள்வி வாரியாகப் பங்கிடுங்கள். இல்லாவிட்டால் "பக்கத்து செக்‌ஷனில் இதே விடைக்கு 4 மார்க் கூட" என்று மாணவர்கள் வந்து நிற்பார்கள், பழி டி.ஏ. தலையில் விழும்.

கேள்வி: இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குத் தனியாக ஏதாவது?

பதில்: மார்க்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டிப் பார்த்தே வளர்ந்தவர்கள். மாணவர்களின் கல்விப் பதிவுகளை ரகசியமாக வைக்கச் சொல்லும் 1974ஆம் ஆண்டு ஃபெர்பா சட்டப்படி அமெரிக்காவில் அது கூடாது. திருத்திய தாள்களை அறை வாசலில் குவித்து வைப்பதும் கூடாது. பெற்றோர் போன் செய்து மார்க் கேட்டால் சொல்லாமல் துறை அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

கேள்வி: அந்த ஒரு நாளோடு சரியா சார்?

பதில்: போதாது. நான்காவது வாரம் புது டி.ஏ.வின் வகுப்புக்கு வேறொருவர் போய், பெயர் எழுதாத தாளில் எது உதவுகிறது, எதை மாற்றலாம் என்று மாணவர்களிடம் வாங்கி, டி.ஏ.வோடு அரைமணி உட்காரட்டும். இந்த நேரத்தையும் வேலைக் கணக்கில் சேருங்கள். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்தில் வாரம் 20 மணிக்கு மேல் வேலை செய்ய முடியாது. 24 பேர் லேப் ரிப்போர்ட், ஒன்றுக்கு 10 நிமிடம் என்றாலே 4 மணி. இரண்டு செக்‌ஷன் என்றால் திருத்தவே 8 மணி போய்விடும்.