ஒரே பெயர் கொண்ட புகழ்பெற்ற பெண்கள்: எனக்குத் தெரிந்த ஜானகிகள்

பொது வாழ்வில் பெயர் பெற்ற பெண்களில் ஒரே பெயர் கொண்டவர்கள் யாராவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. எனக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர் ஜானகி. என் அம்மாவின் பெயரும் அதுதான். ஆனால் நான் இந்தப் பெயரைத் துருவத் தொடங்கியது அம்மாவால் அல்ல, அண்ணன் மகளால்.

எட்டாம் வகுப்பில் படித்தபோது, சுதந்திர தினத்துக்காக அவள் ஒரு சார்ட் அட்டை தயாரித்தாள். மதுரையின் விடுதலைப் போராட்ட வீரர்களில் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். 'ஜானகி அம்மாள்' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. கீழே நாடக மேடை, போர் எதிர்ப்புப் பிரச்சாரம், சிறைவாசம் என்று ஏழெட்டு வரிகள். எழுதியது எல்லாம் சரி. மேலே ஒட்டியிருந்த படம்தான் வேறொருவருடையது. கரும்பு ஆராய்ச்சி செய்த தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் படம் அது. இணையத்தில் இனிஷியல் போடாமல் தேடியிருக்கிறாள். முதலில் வந்த முகத்தை எடுத்து ஒட்டிவிட்டாள். வகுப்பில் அதற்கு மதிப்பெண்ணும் போட்டு, சுவரிலும் மாட்டி, ஒரு வாரம் கழித்துச் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் பார்த்தேன்.

குழந்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மனம் ஆறவில்லை. இரண்டு பெண்கள் இரண்டு வெவ்வேறு துறைகளில் உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறார்கள். ஒருவருடைய முகத்தை எடுத்து இன்னொருவர் வாழ்க்கையின் மேல் ஒட்டினால், அதைக் கண்டுபிடிக்க ஒரு கண் கூட இல்லை என்றால், நாம் இருவரில் யாரையுமே அறியவில்லை என்றுதானே ஆகிறது?

மதுரை ஜானகியிலிருந்து தொடங்குகிறேன்.

கே.பி. ஜானகி அம்மாள் 1917இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பாட்டுக் கற்றுக்கொண்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். மாதம் 25 ரூபாய் சம்பளம். குரல் கைகொடுத்தது. சில ஆண்டுகளில் ஒரு நாடகத்துக்கே 300 ரூபாய் வாங்கும் அளவுக்கு உயர்ந்தார். 1930களில் 300 ரூபாய் என்றால் எவ்வளவு என்பதை, அந்தக் காலத்துச் சம்பளங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய நாடக மேடை வெறும் கேளிக்கை மேடையும் அல்ல. வள்ளி தினைப்புனம் காக்கும் காட்சியில் பறவையை விரட்டும் பாட்டு வரும். அந்தப் பாட்டுக்குள்ளேயே வெள்ளைக்காரனையும் விரட்டிவிடுவார்கள். கீழே கூட்டத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார்.

அப்படிப்பட்ட மேடையிலிருந்து அவர் 1936இல் காங்கிரசுக்கு வந்தார். பிறகு காங்கிரஸ் சோஷலிஸ்டுகள், 1940இல் கம்யூனிஸ்ட் கட்சி. இரண்டாம் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காக இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைதானார். அந்தச் சட்டத்தில் தென்னிந்தியாவில் கைதான முதல் பெண் அவர்தான். மேடையில் சம்பாதித்த நகையும் பணமும் இயக்கத்துக்கே போய்ச் சேர்ந்தன. 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து மார்க்சிஸ்ட் கட்சியின் சட்டமன்ற உறுப்பினரானார். பாப்பா உமாநாத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டில் ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டி எழுப்பியவர்களில் அவர் முதன்மையானவர். 1992இல் காலமானார். தோழர்களுக்கு அவர் கடைசி வரை 'அம்மா'. தமிழ்நாட்டு அரசியலில் அந்தச் சொல்லைப் பிற்பாடு வேறொருவர் எடுத்துக்கொண்டார். அதற்கு முன்னாலேயே மதுரைத் தொழிலாளர் குடும்பங்களில் அந்தச் சொல்லுக்கு உரியவர் ஒருவர் இருந்தார்.

சார்ட்டில் தவறாக வந்து உட்கார்ந்த இ.கே. ஜானகி அம்மாள் 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. படித்தது சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர், 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்தார்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தடித்த, சாறு நிறைந்த இனிப்புக் கரும்பு வெப்பத் தீவுகளிலிருந்து வந்தது. நம் மண்ணில் எளிதில் நோய் தாக்கும். இங்கே ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் காட்டுக் கரும்பில் இனிப்பு இல்லை, ஆனால் அது எதையும் தாங்கும். இரண்டையும் கலந்து நமக்கு ஏற்ற ரகங்களை எடுப்பதுதான் அந்த நிலையத்தின் தொழில். ஜானகி அம்மாள் செய்தது, அந்தச் செடிகளின் உயிரணுக்களில் மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்களை எண்ணி, எது எதோடு சேரும், சேர்ந்தால் என்ன பிறக்கும் என்று கண்டறிவது. கரும்போடு மக்காச்சோளத்தைக் கலந்து பார்த்தார், மூங்கிலைக்கூடக் கலந்து பார்த்தார். புல்லினம் முழுவதையும் ஒரே குடும்பமாகப் பார்த்த கண் அது.

பிறகு இங்கிலாந்து. ஜெர்மன் விமானங்கள் லண்டன் மேல் குண்டு போட்ட இரவுகளில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார் என்றும், விடிந்ததும் உடைந்த கண்ணாடியைப் பெருக்கித் தள்ளிவிட்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார் என்றும் உறவினர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1945இல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, மனிதர் பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். நேரு அழைத்ததால் 1951இல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். முதிய வயதில் கேரளத்தின் சைலன்ட் வேலிக் காட்டைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார். கடைசிக் காலம் முழுக்க சென்னை மதுரவாயலில், பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் தோட்டத்தில், மூலிகைச் செடிகளுக்கும் வளர்ப்புப் பூனைகளுக்கும் நடுவில் கழிந்தது. 1984இல் அங்கேயே இறந்தார். மதுரவாயல் என்றால் இன்று நமக்கு மேம்பாலமும் சுங்கச்சாவடியும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் அவரை நினைத்துக்கொள்கிறேன். கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் ஒரு தம்பதியர் தாங்கள் உருவாக்கிய புது ரோஜாவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இந்த இருவரையும் சரிபார்க்கப் போன இடத்தில்தான் மூன்றாவது ஜானகி எனக்குக் கிடைத்தார். என் நெஞ்சில் ஆழமாகத் தங்கிவிட்டவர் இவர்தான்.

ஜானகி தேவர், 1925இல் மலாயாவில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1943இல் நேதாஜி அங்கே கூட்டங்களில் பேசினார். விடுதலைக்காக உங்களால் ஆனதைக் கொடுங்கள் என்று கேட்டார். கூட்டத்தில் நின்ற பதின்ம வயது ஜானகி, காதில் கிடந்த தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

இதை ஒரு வரியில் படித்துவிட்டுத் தாண்ட என்னால் முடியவில்லை. நம் வீட்டுப் பெண்கள் காதுத் தோட்டை எப்போது கழற்றுவார்கள்? அடகுக் கடைக்குப் போகும்போது கழற்றுவார்கள். துக்கத்தில் கழற்ற வைப்பார்கள். காது மூளியாக இருந்தால் வாசலில் நிற்கக் கூடாது என்று சொன்ன காலம் அது. திருகாணி அவ்வளவு எளிதில் கழன்று வருவதும் இல்லை. அத்தனை பேருக்கு நடுவில், இரண்டு கையையும் தூக்கி, ஒரு காது, பிறகு மறு காது என்று ஒரு பெண் திருகிக்கொண்டு நின்றதை நினைத்துப் பாருங்கள். அன்று மாலை அந்தக் காதோடு வீட்டுக்குள் எப்படி நுழைந்திருப்பார்?

அடுத்து, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்காக அமைந்த ஜான்சி ராணி படையில் சேர வேண்டும் என்றார். வீட்டில், முக்கியமாக அப்பாவிடம், பலத்த எதிர்ப்பு. நெடுநேரம் மன்றாடித்தான் அப்பாவின் சம்மதம் கிடைத்தது. செல்லமாக வளர்ந்த உடம்பு முகாம் வாழ்க்கைக்கு முதலில் ஒத்துவரவில்லை. அந்தப் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், பால்வெட்டுக் கத்தி பிடித்த கைகள். அவர்களோடு சேர்ந்து உருண்டு பழகி, படைத் தலைவி கேப்டன் லட்சுமிக்கு அடுத்த தளபதியாக உயர்ந்தார். 1945 ஏப்ரலில், படை அப்போது இருந்த பர்மாவின் ரங்கூன் ஆங்கிலேயரிடம் விழப்போகிறது என்று தெரிந்ததும், அந்தப் பெண்களைப் பத்திரமாக அனுப்பாமல் நகர மாட்டேன் என்று நேதாஜி நின்றார். பகலில் விமானம் சுடும் என்பதால் இரவுகளில், சேற்றிலும் ஆற்றிலும், தாய்லாந்து நோக்கி அவர்கள் நடந்தார்கள். நேதாஜியும் கூடவே நடந்தார். அந்த அணியில் ஜானகியும் இருந்தார்.

போர் முடிந்து மலாயா திரும்பியவர் மருத்துவத் தொண்டுக் குழுவில் சேர்ந்தார். 1946இல் ஜான் திவி மலாயா இந்தியர் காங்கிரசைத் தொடங்கியபோது அதை நிறுவத் துணை நின்றார். ஆதி நாகப்பனை மணந்து ஜானகி ஆதி நாகப்பன் ஆனார். மலேசிய நாடாளுமன்ற மேலவையின் உறுப்பினராகவும் இருந்தார். இந்திய அரசு 2000இல் பத்மஸ்ரீ வழங்கியது. 2014 மே மாதம் கோலாலம்பூரில் மறைந்தார். மலேசியத் தமிழர்கள் அவரை நன்றாகவே அறிவார்கள். நம் ஊர்ப் பாடப்புத்தகத்தைப் படித்து வளர்ந்த எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் அந்தப் பெயர் தெரிந்தது. அது எனக்கு வருத்தம்தான்.

வி.என். ஜானகியை எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர். 1988 ஜனவரி 7 முதல் 30 வரை. எம்.ஜி.ஆர். இறந்து இரண்டு வாரத்தில் பதவி ஏற்று, சட்டமன்றத்துக்குள் போலீஸ் புகுந்து தடியடி நடத்திய நம்பிக்கை வாக்கெடுப்போடு முடிந்துபோன ஆட்சி. அடுத்த தேர்தலில் ஆண்டிப்பட்டியில் தோற்றார். பெரும்பாலோர் நினைவில் இவ்வளவுதான் இருக்கிறது. நான் இதற்குப் பிறகு நடந்ததைத்தான் பெரிதாக மதிக்கிறேன். இரட்டைப் புறா, சேவல் என்று இரண்டு சின்னங்களில் பிரிந்து நின்ற அ.தி.மு.க. ஒன்றாகி, முடங்கிக் கிடந்த இரட்டை இலைச் சின்னம் மீண்டும் கிடைப்பதற்காக அவர் ஒதுங்கிக்கொண்டார். ராமாபுரத்தில் காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கு இடம் கொடுத்தார். அரசியலில் தோற்றவர்கள் விலகுவதை நாம் அதிகம் பார்த்ததில்லை.

பாடகி எஸ். ஜானகியையும் சேர்த்தால் ஐந்து பேர். 1957இல் தமிழில் தொடங்கிய குரல், நான்கு முறை தேசிய விருது, 2013இல் வந்த பத்மபூஷணை வேண்டாம் என்ற துணிவு. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இந்தத் தளத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இந்தப் பெயரில் ஒரு விசேஷம் உண்டு. ஜானகி என்றால் ஜனகன் மகள். சீதைக்கு ஊரை வைத்து மைதிலி, நாட்டை வைத்து வைதேகி, அப்பாவை வைத்து ஜானகி. அதாவது அப்பாவின் பெயர் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. ஆனால் இந்த ஐந்து பேரின் பெயரோடு ஒட்டி வருவதைப் பாருங்கள். கே.பி.யில் உள்ள பி, அப்பா பத்மநாபன். வி.என்.னில் வி வைக்கம், என் என்பது அம்மா நாராயணி. இ.கே. என்பது எடவலத் கக்காட் என்ற வீட்டுப் பெயர். எஸ் என்பது சிஷ்ட்லா என்ற குடும்பப் பெயர். மலாயா ஜானகி கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அப்பா, அம்மா, வீடு, குடும்பம், கணவர் என்று ஒரு பெண் பெயருக்கு முன்னும் பின்னும் நம் சமூகம் எதையெல்லாம் வைக்குமோ அத்தனையும் இந்த ஒரு பெயரைச் சுற்றி நிற்கின்றன. இனிஷியலை விட்டுவிட்டுத் தேடினால் ஆளே மாறிப்போவார் என்பது இதனால்தான்.

இன்னொன்றும் தோன்றியது. கம்பராமாயணத்தில் கலன்காண் படலம் என்று ஒன்று உண்டு. இராவணன் தூக்கிப்போகும் வழியில், சீதை தன் நகைகளைத் துணியில் முடிந்து மலைமேல் இருந்தவர்களிடம் போட்டுவிட்டுப் போவாள். சுக்ரீவன் அதை எடுத்துவந்து இராமனிடம் காட்டுவான். அந்த ஜானகி நகையைக் கழற்றியது தன்னைத் தேடி வருகிறவனுக்கு அடையாளம் வேண்டும் என்பதற்காக. மலாயாவிலும் மதுரையிலும் இரண்டு ஜானகிகள் கழற்றிக் கொடுத்தது, ஊர் பேர் தெரியாதவர்கள் விடுதலையாக வேண்டும் என்பதற்காக.

அண்ணன் மகள் சார்ட்டைத் திருத்தினாள். பழைய படத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னோர் அட்டையை ஒட்டி, அறிஞரின் படத்துக்குக் கீழே அவருடைய வாழ்க்கையையும், மதுரை ஜானகி அம்மாளின் வாழ்க்கைக்கு மேலே அவருடைய படத்தையும் சேர்த்தாள். மூன்றாவதாக மலாயா ஜானகிக்கும் இடம் ஒதுக்கினாள். எழுதியதை எல்லாம் என் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். அம்மாவின் தோடு என் கல்லூரிக் கட்டணத்துக்காக இரண்டு முறை அடகுக் கடைக்குப் போய் வந்தது. தோடு கழற்றிய இடம் வந்ததும் அம்மாவின் கை தன் காதுக்குப் போனது. "அந்த இடத்தை இன்னொரு தரம் படி" என்றார்.