பழைய விறகு அடுப்புக்கு விலை சொல்வது எப்படி? – கேள்வி பதில்

அமெரிக்கப் பண்ணை வீடுகளில் கிடைக்கும் பழைய வார்ப்பிரும்புச் சமையல் அடுப்புகளைப் பிரித்துப் பழுது பார்ப்பது என் நெடுநாள் தொழில். அவற்றின் விலை பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதியிருக்கிறேன்.

விஸ்கான்சினில் நாங்கள் வாங்கிய பண்ணை வீட்டின் சமையலறையில் ‘மொனார்க்’ என்று பெயர் பொறித்த, வெளிர்மஞ்சளும் பச்சையுமாக எனாமல் பூசிய விறகு அடுப்பு ஒன்று இருக்கிறது. நூறு வயதான பொருள், ஆயிரக்கணக்கில் விலை போகும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?

வயதை மட்டும் வைத்து இந்த அடுப்புகளுக்கு யாரும் பணம் தருவதில்லை. மொனார்க் உங்கள் மாநிலத்தின் பீவர் டாம் ஊரிலேயே, மாலியபிள் அயர்ன் ரேஞ்ச் நிறுவனம் செய்த அடுப்பு. தரமானது, ஆனால் அரியது அல்ல. வண்ண எனாமல் 1920களில்தான் பரவலாயிற்று என்பதால், உங்களுடையது அக்காலத்தது அல்லது அதற்குச் சற்றுப் பிந்தியது என்று கொள்ளலாம். எனாமல் பெயராமல், எல்லாப் பாகங்களும் இருந்து, இன்றைக்கே தீ மூட்டலாம் என்ற நிலையில் இருந்தால் நல்ல விலை கிடைக்கும். எனாமல் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தால் விலை பாதியைவிடக் குறைந்துவிடும். ஏனெனில் எனாமலை மறுபடி பூச வேண்டுமானால் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சூளையில் சுட வேண்டும், அந்தச் செலவு சில வேளைகளில் அடுப்பின் விலையையே தாண்டும். பழுது பார்க்காத சாதாரண அடுப்புகள் சில நூறு டாலருக்குக் கைமாறுவதையும், முழுமையாகச் செப்பனிட்ட அலங்கார அடுப்புகள் பல ஆயிரம் டாலருக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். இடையிலுள்ள அந்தப் பெரும் வித்தியாசம் பெரும்பாலும் உழைப்புக் கூலி என்பதை மறந்துவிடக் கூடாது.

எங்கள் அடுப்பின் பின்தகட்டில் 1889, 1895 என்று இரண்டு காப்புரிமை ஆண்டுகள் வார்க்கப்பட்டுள்ளன. எதை எடுத்துக்கொள்வது?

பிந்தியதை. 1895ஆம் ஆண்டுக் காப்புரிமையைத் தாங்கிய அடுப்பு அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது. அதற்குப் பின் எத்தனை ஆண்டுகள் கழித்து வேண்டுமானாலும் வார்க்கப்பட்டிருக்கலாம். அக்காலத்தில் காப்புரிமை 17 ஆண்டுகள் செல்லுபடியாயிற்று. பாகங்களை வார்க்கும் அச்சுகளையோ அதற்கு மேலும் பயன்படுத்தினார்கள். எனவே ‘1889ஆம் ஆண்டு அடுப்பு’ என்று விளம்பரம் செய்வோரிடம் பெரும்பாலும் அடுப்பின் வயதை அல்ல, யாரோ ஒருவருடைய கண்டுபிடிப்பின் வயதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மேல்தட்டின் வட்ட மூடிகளில் இரண்டும், தணலைத் தாங்கும் கம்பிக் கிராதியும் காணவில்லை. புதிதாக வார்த்துக்கொண்டால் போதாதா? இதற்காக எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். மூடிகள் போனால் பெரிய இழப்பில்லை. அளவு ஒத்துவரும் பழைய மூடிகள் கிடைக்கும். கிராதி அப்படியல்ல. அது அந்தந்த மாதிரிக்கென்றே செய்யப்பட்டது, நெருப்பில் நேரே கிடப்பதால் முதலில் வளைந்து உடைவதும் அதுதான். வார்க்கலாம் என்றாலும் ஒரு சிக்கல் உண்டு: உருகிய வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். பழைய பாகத்தையே அச்சாக வைத்து வார்த்தால் கிடைப்பது அந்த அளவுக்குச் சிறுத்த பிரதி. சிறு கைப்பிடிக்கு அது பொருட்டில்லை, ஒன்றரை அடி நீளக் கிராதிக்கோ ஓவன் கதவுக்கோ இடைவெளி கண்ணுக்கே தெரியும். தேர்ந்த வார்ப்படக்காரர்கள் அச்சைச் சற்றுப் பெரிதாக்கி இதைச் சரிசெய்வார்கள், அதற்கு உரிய கூலியும் வாங்குவார்கள். ஆகவே வாங்கும் முன்பே வார்ப்படச் சாலையில் விலை கேட்டு, அந்தத் தொகை முழுவதையும் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள். அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியினர் ‘கிளென்வுட்’ அடுப்புக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதற்கு, டான்டன் நகரில் வார்த்த அதன் அழகு மட்டுமல்ல, அதற்குப் பழைய பாகங்கள் கிடைப்பதும் ஒரு காரணம்.

விரிசல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோம் அல்லவா, அதுபோலத் தகடுகளை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள்; கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும் இடத்தைச் சந்தேகிக்கலாம். பிறகு அறையை இருட்டாக்கி, அடுப்புக்குள் விளக்கை வைத்து வெளியிலிருந்து நோக்குங்கள். மேல்தட்டில் வட்ட மூடிகளுக்கு இடையே உள்ள நடுப்பாலத்தில் காணும் சிறு விரிசலைப் பித்தளை கொண்டு பற்றவைக்க முடியும். அடுப்போடு இணைந்த வெந்நீர்த் தொட்டிக்கு அடியிலும் ஓவனின் அடித்தகட்டிலும் உள்ள துருதான் எனக்கு அதிக அச்சம் தருவது. பல்லாண்டு ஒழுகிய நீரும் ஈரம் கோத்த புகைக்கரியும் சேர்ந்து அங்கே தகட்டைச் சல்லடையாக்கியிருக்கும்.

செப்பனிட்ட ‘கிரேட் மெஜஸ்டிக்’ ஒன்றுக்கு 6,000 டாலர் கேட்கிறார்கள். கண்ணாடிபோல் பளபளக்கிறது. கொடுக்கலாமா?

கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. இதே மாதிரி அடுப்புகள் ஏலங்களில் உண்மையில் எவ்வளவுக்கு முடிந்தன என்று முதலில் பாருங்கள். அடுத்து அந்தப் பளபளப்பை ஆராயுங்கள். பழைய அலங்காரப் பாகங்களுக்கு நிக்கல் முலாம் பூசினார்கள். அதில் இளமஞ்சள் சாயல் இருக்கும். நீலச் சாயலோடு மின்னினால் அது குரோமியம், 1920களுக்கு முந்திய அடுப்பில் அது பிற்காலத்து வேலை. வெளிப்பூச்சு மட்டும் புதிதா, அல்லது அடுப்பை முழுவதும் பிரித்து இணைப்புகளுக்குப் புது அடுப்பு சிமெண்ட் வைத்து மறுபடி பூட்டினார்களா என்று கேட்டு, பிரித்த நிலையில் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். படம் இல்லை என்றால், கறுப்புச் சாயத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள்தான் பின்னர் கண்டறிய வேண்டியிருக்கும். அந்த நிலையில் நான் அந்த விலையில் பாதிகூடத் தரமாட்டேன்.

உண்மையாகவே சமைக்கப் பயன்படுத்த விரும்புகிறோம். காப்பீட்டு நிறுவனம் தயங்குகிறது. இதனால் விலை குறையுமா?

குறையும். ஆய்வகச் சான்று இல்லாத பழைய அடுப்புக்கும் எரியக்கூடிய சுவருக்கும் இடையே 36 அங்குலம், அதாவது சுமார் 91 சென்டிமீட்டர், இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்கத் தீத்தடுப்பு நெறி. தகுந்த தடுப்புத் தகடு வைத்தால் அதைக் குறைக்கலாம். அறை சிறிதானால் அடுப்பு காட்சிப் பொருளாகவே நின்றுவிடும், காட்சிப் பொருளை வாங்குவோர் குறைவு. விறகுக் கணப்புகளுக்கான கூட்டாட்சிப் புகை விதிகளிலிருந்து சமையல் அடுப்புகளுக்கு விலக்கு உண்டு. உள்ளூர் விதியைத் தனியே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அடைப்பு இருந்தால் நீங்களே சுரண்டாதீர்கள்.

குன்னூரில் எங்கள் பாட்டனார் வாங்கிய பங்களாவில் இரும்பு அடுப்பு ஒன்று கிடக்கிறது. அமெரிக்க அடுப்பா, ஆங்கிலேய அடுப்பா என்று தெரியவில்லை.

கதவின் உட்புறத்தைத் தேய்த்துப் பாருங்கள். சாய்சதுர வடிவில் சிறு எழுத்துகள் கொண்ட முத்திரை இருந்தால், அது 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் பதிவான வடிவமைப்பு. 1884 முதல் வெறும் பதிவு எண் மட்டுமே வார்க்கப்பட்டது. ‘எஸ்ஸே’ என்று இருந்தால் ஸ்காட்லாந்தின் பானிபிரிட்ஜ் ஊர்ச் சரக்கு. அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பிய ஜேம்ஸ் ஸ்மித் 1854இல் தொடங்கிய நிறுவனம் அது, ஆகவே உங்கள் இரண்டு ஊகத்திலும் ஓரளவு உண்மை இருக்கலாம். அமெரிக்க விலையை வைத்து அதற்கு மதிப்புப் போடாதீர்கள். கப்பல் கூலியே அதை விழுங்கிவிடும். பழைய பங்களாக்களைப் புதுப்பித்து விடுதி நடத்துவோரிடம் கேட்டுப் பாருங்கள். அதுவரை காயலான் கடைக்காரர் எடை போட்டுக் கேட்டால், ஒரு கதவைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.