பழைய சுவர்ப் பூச்சுக்கு இரண்டு மடங்கு கூலி நியாயமா?

பழைய பூச்சைக் கொத்தி எடுப்பதும் சேர்த்துத்தான் கொத்தனார் கூலி கேட்கிறார் என்றால், புது வீட்டு ரேட்டைவிட இரண்டு மடங்கு நியாயம்தான். உங்களை ஏமாற்றவில்லை.

கொத்துவதற்கே சித்தாளுக்கு நிறைய நேரம் போய்விடும். பிறகு இடிபாட்டை மூட்டை கட்டி மாடியிலிருந்து இறக்க வேண்டும். பழைய சுவர் கோணலாக இருந்தால் 12 மி.மீ. பூச்சு சில இடங்களில் 25 மி.மீ. ஆகிவிடும், அதை இரண்டு தடவையாகத்தான் பூசணும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எத்தனை நாள், எத்தனை ஆள் என்று கொத்தனாரிடமே கேட்டு, உங்கள் ஊர் நாள் கூலியால் பெருக்குங்கள். சதுர அடிக் கணக்கில் அவர் கேட்கும் மொத்தத் தொகை அதைவிட ரொம்பக் கூடினால் தாராளமாகப் பேரம் பேசலாம்.

சுவரில் ஓதம் (ஈரம் ஊறுவது) இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். குழாய்க் கசிவை அடைக்காமல் பூசினால் கூலி முழுக்க வீண். இடிபாடு ஏற்றும் வண்டி வாடகை யாருடையது என்பதையும் முன்பே எழுதி வாங்குங்கள்.