கொரோனா நிமோனியாவுக்கு ஒவ்வொரு டாக்டரும் ஏன் வேறு வேறு மருந்து கொடுத்தார்கள்? வழிகாட்டுதல் என்று ஒன்று இல்லையா?

இருந்தது. உங்கள் வீட்டிலும் யாருக்கோ முடியாமல் போயிருக்கும், அதுதான் கேட்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, தங்கச்சிமடத்தில் மெடிக்கல் கடையில் நிற்பவன். 'மாத்திரை விற்கிறவனுக்கு என்ன தெரியும்' என்பவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

2021 மே. மீன்பிடித் தடைக்காலம், அப்பா கரையில்தான் இருந்தார். சர்க்கரைக்காரர். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள். அப்போது கடைக்கு வந்த சீட்டுகளில் அசித்ரோமைசின், ஐவர்மெக்டின், டாக்ஸிசைக்ளின், ஜிங்க், கூடவே ஸ்டீராய்டு என்று பத்து வரி இருக்கும். அப்பாவைப் பார்த்த டாக்டரம்மா எழுதியது பாரசிட்டமால் மட்டும்.

"ஸ்டீராய்டு போட்ருங்க மேடம், முத்திடப் போகுது" என்றேன்.

"ஆக்சிஜன் 97 இருக்கு. இப்பப் போட்டா கெடுதல்தான். தினமும் ஆறு நிமிஷம் நடக்கவிட்டு ஆக்சிஜன் எவ்வளவுன்னு பாருங்க."

வெளியே வந்து கண்டபடி ஏசினேன்.

நடக்கவும் விட்டேன். வலைக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன சுட்டுவிரலில் ஆக்சிஜன் பார்க்கும் மெஷின் எதையும் காட்டாது, மோதிரவிரலில் மாட்டினால்தான் காட்டும். ஏழாம் நாள், காயப்போட்ட வலையைச் சுற்றி நடந்து வந்தவருக்கு 96 இருந்தது 91 ஆகிவிட்டது. மனுசன் மூச்சு வாங்குது என்றுகூடச் சொல்லவில்லை, பீடி கேட்டார். அன்றே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி. அங்கேதான் ஆக்சிஜனோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, தினம் 6 மில்லிகிராம். சர்க்கரை 400ஐத் தாண்டியது, இன்சுலின் போட்டு இறக்கினார்கள். அதையே வீட்டில் மூன்றாம் நாளிலிருந்து நான் கொடுத்திருந்தால்?

பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வு 2020 ஜூனிலேயே இதைச் சொல்லிவிட்டது. இந்த மருந்து கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதத்திலிருந்து 29 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. அதற்காகப் பத்து வரி எழுதியவர்களைத் திட்டவும் மாட்டேன். வழிகாட்டுதலே மாறிக்கொண்டிருந்தது. குணமானவர்களின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்து ஏற்றும் சிகிச்சையை 2021 மே 17 அன்றுதான் அதிலிருந்து நீக்கினார்கள். ஐவர்மெக்டின் அன்றும் அந்த வழிகாட்டுதல் தாளில் இருந்தது. போதாததற்கு, ஊசி போடாத டாக்டரை நாம் டாக்டராகவே மதிப்பதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் பாம்பன் பாலம் தாண்டித்தான் போக வேண்டும். அன்று ஊரடங்கு, பாலம் காலி, பறந்து போனோம். இப்போது போய்ப் பாருங்கள், இரண்டு பக்கமும் காரை நிறுத்திவிட்டு ரயிலுக்கும் கடலுக்கும் செல்பி. போன மாதம் ஒரு ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டே நடுப்பாலத்தில் நின்றது. ஒருத்தர் அதையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.