ஆர்க் மோடில் தேதி போட்ட வேலைகளை மட்டும் தேடிப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஈமேக்ஸ் என்ற எழுதும் மென்பொருளில் வேலைப் பட்டியல் வைக்க உதவும் ஆர்க் மோடில் எல்லா வேலைக்கும் ஷெட்யூல்டு தேதி போட்டிருக்கிறேன், அன்றன்றைய வேலைகளைத் தொகுத்துக் காட்டும் அஜெண்டாவைத் திறந்தால் பழைய பாக்கியெல்லாம் வந்து குவிகிறது, வேண்டியதை மட்டும் பார்க்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஆனால் பாதிக் குவியல் தேதி போடும் விதத்திலேயே வருகிறது. ஷெட்யூல்டு என்பது வேலையைத் தொடங்கும் நாள். முடித்ததாகக் குறிக்கும்வரை தினமும் வந்து நிற்கும். கரண்ட் பில் மாதிரிக் கெடு உள்ளவற்றை டெட்லைனாகப் போடுங்கள், 14 நாள் முன்பிருந்தே நினைவூட்டும்.

அடுத்தது, திரும்பத் திரும்ப வரும் வேலைகள். குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டு. தேதிக்குப் பின்னால் வெறும் கூட்டல் குறி போட்டு இரண்டு நாள் என்று எழுதினால், பழைய தேதியோடுதான் இரண்டைக் கூட்டும். நாலைந்து நாள் மழையில் வெட்டு நின்றுபோனால், முடித்ததாகக் குறித்த பிறகும் அது பாக்கியாகவே கிடக்கும். கூட்டலுக்கு முன் ஒரு புள்ளி வையுங்கள், முடித்த நாளிலிருந்து எண்ணும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே நனைக்கிற ஊரில் அந்தப் புள்ளி இல்லாமல் முடியாது. ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுக்கு இரட்டைக் கூட்டல். எத்தனை வாரம் தவறினாலும் அடுத்து வரும் ஞாயிறுக்கே தாவும்.

சரி, தேடல். அஜெண்டா மெனுவில் பெரிய எம் அழுத்தினால் இன்னும் முடிக்காத வேலைகளில் மட்டும் தேடும். அங்கே 'ரப்பர்' போன்ற டேகையும் (வேலைக்கு நாம் ஒட்டும் குறிச்சொல்) ஷெட்யூல்டு தேதி நிபந்தனையையும் சேர்த்தே கொடுக்கலாம். தேதியைக் கோண அடைப்புக்குள் வைத்து, அதைச் சுற்றி இரட்டை மேற்கோள் போட வேண்டும். இல்லாவிட்டால் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாது. இன்றைக்கு உரியதுவரை வேண்டுமென்றால் 'டுமாரோ'வுக்கு முன் என்று கேளுங்கள். 'டுடே' என்றால் இன்று நள்ளிரவு 0 மணி. காலை 6 மணி என்று நேரம் குறித்த வேலை அதில் விட்டுப்போகும்.

இருக்கும் கோப்புக்குள்ளேயே பார்த்தால் போதுமா? கண்ட்ரோல் சி, சாய்கோடு (/), அப்புறம் பி (b). கேட்கிற தேதிக்கு முந்தையவை மட்டும் விரிந்து நிற்கும், மற்றதெல்லாம் மடங்கிவிடும். எனக்கு இதுதான் அதிகம் பயன்படுகிறது.

டு-டூ பட்டியலில் நாள் வராத வேலைகள் தொல்லை கொடுத்தால், ஆர்க்-அஜெண்டா-டுடூ-இக்னோர்-ஷெட்யூல்டு என்ற மாறிக்கு ஃபியூச்சர் என்று மதிப்பு கொடுங்கள். அஜெண்டாவுக்குள் சாய்கோடு அழுத்தியும் டேக் வாரியாக வடிகட்டலாம், நிமிர்ந்த கோடு (|) அழுத்தினால் வடிகட்டியெல்லாம் நீங்கிவிடும்.